என் வரியில் அவருக்கு ஆஸ்பத்திரியா?

டீக்கடையில் வருமான வரி பற்றிப் பேச்சு எழுந்தால், அது ஆஸ்பத்திரியில் வந்து நிற்க ரொம்ப நேரம் ஆகாது. "மாசம் பொறந்தா டி.டி.எஸ். பிடிச்சுடுறாங்க. குடும்பத்துக்கு இன்சூரன்சும் நானே கட்டுறேன். ஒண்ணுமே கட்டாதவனுக்கு ஜி.ஹெச்.ல எல்லாம் ஃப்ரீ. இது என்ன நியாயம்?" என்பார் ஒருவர். "இல்லாதவங்க எங்க சார் போவாங்க?" என்பார் இன்னொருவர். முதலாமவர் கணக்குப் பேசுகிறார், இரண்டாமவர் இரக்கம் பேசுகிறார். அதனால் அந்தப் பேச்சு முடிவதே இல்லை.

இரக்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்து, கணக்கை மட்டும் பார்ப்போம். காப்பீடு இல்லாதவரின் வைத்தியத்துக்கு வரிப்பணம் போகலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, காப்பீடு என்றால் என்ன, வரி யார் கட்டுகிறார்கள், பணம் எந்த வழியாகப் போகிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். பொருளாதாரப் படிப்பெல்லாம் வேண்டாம்.

காப்பீடு சீட்டு அல்ல

"பதினஞ்சு வருஷமா பிரீமியம் கட்டுறேன், ஒத்தப் பைசா திரும்பி வரல" என்று புலம்புகிறவர்கள் உண்டு. பிரீமியம் என்பது காப்பீட்டுக்காக நாம் ஆண்டுதோறும் கட்டும் தொகை. அது திரும்பி வரவில்லை என்று வருந்துகிறவர், காப்பீட்டை ஏலச்சீட்டாக நினைத்துவிட்டார். சீட்டில் இருபது பேர் சேர்ந்தால் இருபது பேருக்கும் ஒருமுறை பணம் வரும். முன்னே பின்னே வரும், அவ்வளவுதான்.

காப்பீடு அப்படியில்லை. கூரை வீடுகள் நூறு உள்ள தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு வீடு தீப்பிடிக்கிறது. திரும்பக் கட்ட 1 லட்சம் ரூபாய் ஆகும். எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு வைத்தால், எரிந்தவருக்கு வீடு வந்துவிடும். மற்ற 99 பேருக்கும் பணம் திரும்பாது, ஆனால் வீடு எரியவில்லை. ஒருவர் தலையில் விழுந்தால் நசுங்கிப்போகும் சுமையை நூறு பேர் தலையில் பிரித்து வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இடர்ப் பகிர்வு என்று பெயர்.

இனி ஊர்த் திருவிழாவுக்கு வசூலிக்கும் தலைக்கட்டு வரியை நினைத்துப் பாருங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற வீட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், அவர்களும் கொடுப்பார்கள். தனியாக இருக்கும் பாட்டி வீட்டில், "ஆத்தா, நீ இருக்கிறதக் கொடு" என்று விட்டுவிடுவார்கள். கூழ் ஊற்றும்போது பாட்டிக்கு அரைச் செம்பும் சிங்கப்பூர்க்காரர் வீட்டுக்கு இரண்டு செம்பும் ஊற்றுவதில்லை.

இரண்டிலும் பலர் போட்டதைத்தான் சிலர் எடுக்கிறார்கள். எவ்வளவு போடுவது என்பதில்தான் வேறுபாடு. காப்பீட்டுக் கம்பெனி உங்கள் ஆபத்தைப் பார்த்துக் கேட்கும். வரி, உங்கள் வருமானத்தையும் செலவையும் பார்த்துக் கேட்கும். "என் பணம் அவனுக்கா?" என்ற கேள்வி வரிக்கு மட்டும் உரியதில்லை. தனியார் காப்பீட்டிலும் உங்கள் பணம் முகம் தெரியாத இன்னொருவரின் பைபாஸுக்குத்தான் போகிறது.

அவங்களே எடுத்துக்கலாமே?

இதுதான் அடுத்து வரும் கேள்வி. நியாயமானதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மேலே சொன்ன தெருவில் கொல்லன் பட்டறையை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது. பொறி பறக்கிற இடம். கம்பெனி அந்த வீட்டுக்காரரிடம் 1,000 கேட்காது, 8,000 கேட்கும். கட்ட முடியாமல் அவர் விலகுவார். தெருவிலேயே காப்பீடு மிகவும் தேவைப்படுகிறவர் யாரோ அவருக்கே அது கிடைக்காமல் போகும்.

உடம்பிலும் இதே கதைதான். 27 வயது, சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை என்றால் ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிடுவார். 58 வயது, இரண்டும் இருக்கிறது என்றால் பிரீமியம் எகிறும். அதோடு, ஏற்கெனவே உள்ள நோய்க்குச் சில காலம் பணம் தர மாட்டோம் என்பார்கள். இந்தக் காத்திருப்புக் காலம் இந்தியாவில் 4 ஆண்டுவரை இருந்தது, 2024இல்தான் 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

கம்பெனியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. காத்திருப்புக் காலம் இல்லாவிட்டால், நெஞ்சு வலி வந்த பிறகுதான் எல்லோரும் பாலிசி எடுப்பார்கள். எண்ணில் பார்ப்போம். நூறு பேர், மொத்த வைத்தியச் செலவு 1 லட்சம், ஆளுக்கு 1,000. "எனக்கு என்ன வந்தது?" என்று ஆரோக்கியமான 40 பேர் விலகுகிறார்கள். அவர்களால் செலவு அதிகம் இருந்ததில்லை, 5,000தான் குறைகிறது. மீதி 95,000த்தை 60 பேர் சுமந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 1,580. இப்போது அந்த அறுபதிலும் தெம்பானவர்கள் கழன்றுகொள்வார்கள். விலை மறுபடி ஏறும். கடைசியில் நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள், அவர்களால் அந்தத் தொகையைக் கட்ட முடியாது. நோய் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள் சேர, மற்றவர்கள் விலக, கூட்டு நிதி தானாகவே சரிவதைப் பாதகத் தேர்வு என்கிறார்கள்.

விருப்பமுள்ளவர் சேரலாம் என்ற ஏற்பாட்டில் எல்லோருக்கும் காப்பீடு கிடைக்காது என்பதற்கு மக்களின் சோம்பல் காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம். தப்பிக்க வழி இரண்டு. ஒன்று, எல்லோரும் சேர்ந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போடுவது. நம் ஊர் இ.எஸ்.ஐ. அந்த வகை. மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் பிடிக்கிறார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஒபாமா காலத்தில், 2010இல் வந்த சட்டமும் காப்பீடு எடுக்காதவருக்கு அபராதம் விதித்தது. 2019 முதல் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். இன்னொரு வழி, எல்லோரும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற கூட்டு நிதி ஒன்றைப் பயன்படுத்துவது. அதன் பெயர்தான் வரி.

ஆக, இதுவரை பார்த்தது இவ்வளவு: காப்பீடும் வரியும் எதிரிகள் அல்ல, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு உண்டியல்கள். காப்பீட்டு உண்டியல் ஆபத்தானவரை வாசலில் நிறுத்தும். வரி உண்டியலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒண்ணுமே கட்டாதவர் யார்?

வருமான வரி கட்டுவோர் குறைவு என்பது உண்மை. அதை வைத்து, மற்றவர்கள் வரியே கட்டுவதில்லை என்று முடிவுகட்டுவதுதான் தவறு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண் காலையில் பல் துலக்கும் பேஸ்டில் ஜி.எஸ்.டி. இருக்கிறது. 2025 செப்டம்பர்வரை அது 18 சதவீதம், இப்போது 5. அவர் ரீசார்ஜ் செய்யும் செல்போனில் 18. அவர் கணவர் மொபெட்டுக்குப் போடும் பெட்ரோலில் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பங்கு. மாலையில் கணவர் டாஸ்மாக் பக்கம் போனால் பாட்டில் விலையில் பெரும்பகுதி வரிதான். 2023-24இல் டாஸ்மாக் வழியாக மாநில அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் டி.டி.எஸ். கட்டுகிறவர்கள் என்று டீக்கடை நண்பர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அவரிடம் மெதுவாகக் கேட்கலாம். பழைய வரிமுறையில் இருந்தால், பிரீமியத்தை வரிக் கணக்கில் காட்டி வருமானத்தில் 25,000 ரூபாய்வரை கழித்துக்கொள்கிறாரே, அதனால் அரசு இழக்கும் வருவாய் யாருடையது? அரசு ஊழியரின் மருத்துவச் செலவில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? காப்பீடு உள்ளவருக்கும் வரிப்பணம் போகிறது. அது "இலவசம்" என்ற பெயரில் வருவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

இரண்டு குழாய்

தமிழ்நாட்டில் வரிப்பணம் நோயாளியிடம் இரண்டு குழாய் வழியாக வருகிறது. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

முதல் குழாய் நேரடியானது. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை மருத்துவமனை. கட்டடம், டாக்டர், நர்ஸ், மாத்திரை எல்லாம் அரசுடையது. 1995இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்குமான மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்று அரசுக்கு ஒரு ரூபாய்கூட ஆவதில்லை. இந்த ஏற்பாட்டைப் பார்த்து வேறு மாநிலங்களும் இதுபோன்ற கழகங்களைத் தொடங்கின.

இரண்டாவது, காப்பீட்டு அட்டை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது.

"எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று இந்த அட்டையைக் காட்டுவார்கள். இருக்கிறதுதான். ஆனால் அதன் பிரீமியத்தை அரசு கட்டுகிறது. பெயர் காப்பீடு, பணம் வரி. ஆக, இந்த மாநிலத்தில் "காப்பீடு இல்லாதவருக்கு வரிப்பணமா?" என்று கேட்கும்போது, காப்பீடு உள்ளவர் என்று நாம் நினைக்கும் பல லட்சம் குடும்பங்களும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

குழாய்க்குக் குழாய் குணம் வேறு. அட்டை, படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று தொகை நிர்ணயித்திருப்பார்கள், அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். மாதாமாதம் ஓ.பி. சீட்டு போட்டு வாங்கும் மாத்திரை அதில் வராது. பெரிய சிகிச்சைக்குத்தான் பணம் என்றால் பெரிய சிகிச்சைகள் பெருகும். சத்தீஸ்கரிலும் பீகாரிலும் 2012 வாக்கில், ஏழைகளுக்கான காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டதாகப் புகார் எழுந்து விசாரணை நடந்தது. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் அட்டை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் வரிப்பணத்தில் அடுத்த ஒரு ரூபாயை எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டால், முதல் குழாயில் என்பேன். ஏன் என்பதற்கு என் குடும்பத்துக் கதை ஒன்று இருக்கிறது.

கால் விரலில் தொடங்கியது

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, டெம்போ ஓட்டுகிறவர். 44 வயதில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மூன்று மாதம் மாத்திரை போட்டார், விட்டுவிட்டார். ஜி.ஹெச்.சில் மாத்திரை இலவசம்தானே என்று கேட்டேன். "இலவசம்தான் தம்பி. காலைல எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ரிசல்ட்டுக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. வெளிய வர்றப்ப மணி ஒண்ணு. அன்னைக்கு வண்டி ஓடலன்னா டியூ யாரு கட்டுவா?" என்றார். அவருக்கு அந்த இலவச மாத்திரையின் விலை ஒரு நாள் வாடகை.

அடுத்த ஆண்டு லோடு இறக்கும்போது வலது காலில் ஆணி ஏறியது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் இரண்டு நாள் அவருக்குத் தெரியவே இல்லை. செருப்பில் ரத்தம் பார்த்து அண்ணி சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். புண் கறுத்து, இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆபரேஷன் செலவு முழுக்க அட்டையில் போனது, கையிலிருந்து எதுவும் இல்லை. ஐந்து வாரம் வண்டி ஓடவில்லை. விரல் போனதற்கு வரிப்பணம் தயாராக இருந்தது. மாத்திரை அவர் கைக்கு வந்து சேர்வதற்கான ஏற்பாடு அப்போது இல்லை.

இது அங்கேயே நின்றால் அதிர்ஷ்டம். கட்டுப்படாத சர்க்கரை சிறுநீரகத்தையும் தொடும். டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் வாரத்துக்கு மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 156 முறை. ஒரு ரூபாய்கூட ஆகாத மாத்திரையைத் தவறவிட்டதற்கு அரசும் குடும்பமும் சேர்ந்து கொடுக்கும் விலை அது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது. பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், எங்கள் தெருவில் வருகிறார்கள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். அண்ணன் இப்போது மாத்திரையை விடுவதில்லை.

வாசலில் திருப்பி அனுப்ப முடியுமா?

"கட்டாதவருக்கு வைத்தியம் இல்லை" என்று ஒரு நாடு முடிவெடுத்தால் என்ன ஆகும்? அடிபட்டு ரத்தம் ஒழுக ஒருவர் வருகிறார். அட்டை எங்கே என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். எந்தச் சமூகமும் அதைச் செய்யத் துணிவதில்லை. ஸ்கூட்டரில் அடிபட்டவரை ஒரு மருத்துவமனை ஏற்காமல் தொலைவில் உள்ள இன்னொன்றுக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்துபோனார். அது தொடர்பான வழக்கில்தான் 1989இல் உச்ச நீதிமன்றம், அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பது முதல் கடமை என்றது. 1996இல் இன்னொரு வழக்கில், நிதி இல்லை என்று காரணம் காட்டி அரசு இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. எந்த ஊர், எந்த நாடு, காப்பீடு உண்டா என்ற கேள்வியே கிடையாது.

தனியார் காப்பீட்டுக்குப் பேர்போன அமெரிக்காவிலும் 1986 முதல் ஒரு சட்டம் உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பணம் வாங்கும் மருத்துவமனைகள், அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பணம் இருக்கிறதா என்பது அப்புறம்தான். விளைவு? காப்பீடு இல்லாதவர்களில் பலர் நோய் முற்றும்வரை பொறுத்திருந்து, செலவு மிகுந்த வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். வசூலாகாத பில் கடைசியில் வரியிலும் மற்றவர்களின் கட்டணத்திலும் ஏறுகிறது.

ஆக, காப்பீடு இல்லாதவருக்குப் பொதுப்பணம் போவதா வேண்டாமா என்பது நம் கையில் இல்லை. முன்கூட்டியே மாத்திரையாகப் போவதா, பிந்தி ஆபரேஷனாகப் போவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

எதிர்ப்பில் உள்ள நியாயம்

இலவசம் என்றால் அளவில்லாமல் பயன்படுத்துவார்கள் என்பது ஒரு வாதம். செலவை வேறொருவர் ஏற்பதால் சிக்கனம் தளர்வதை நடத்தைச் சார்ந்த இடர் என்பார்கள். இருமல் டானிக்குக்கு இது பொருந்தலாம். ஆசைப்பட்டு ஆஞ்சியோ செய்துகொள்கிறவர் யாரும் இல்லை. நான் மேலே சொன்ன வரிசையே வேண்டாதவர்களை வடிகட்டிவிடும். துரதிர்ஷ்டம், அது வேண்டியவர்களையும் சேர்த்து வடிகட்டுகிறது.

"வரியும் கட்டி, ஜி.ஹெச்.சை நம்ப முடியாமல் தனியாருக்கும் கட்டுகிறேன்" என்ற கோபம் வேறு ரகம். இதற்குப் பதில் சொல்ல எனக்கும் கஷ்டம்தான். இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிட்டது 2021-22இல் உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் 2.5 சதவீதம் என்று இலக்கு வைத்திருந்தது. அதே 2021-22இல், நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். 2013-14இல் இது 64.2ஆக இருந்தது. குறைந்திருக்கிறது, போதாது. அந்தக் கோபம் அரசு குறைவாகச் செலவழிப்பதன் மேல்தான் திரும்ப வேண்டும். பக்கத்து வரிசையில் நிற்கும் சித்தாள் மேல் திரும்பிப் பயன் இல்லை.

நடுவில் நிற்பவர்

காப்பீடு இல்லாதவர் என்றதும் பரம ஏழையைத்தான் நினைக்கிறோம். அவருக்காவது அட்டை உண்டு. மாதம் 14,000 வாங்கும் மெடிக்கல் ஷாப் பையன், சொந்தமாக ஒரு டெய்லரிங் மெஷின் வைத்திருப்பவர், ஸ்விக்கி ஓட்டுகிறவர் ஆகியோரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000ஐத் தாண்டியதும் அட்டைக்குத் தகுதி போய்விடும். பத்துப் பேர்கூட வேலை செய்யாத கடை என்றால் இ.எஸ்.ஐ. பெரும்பாலும் இருக்காது. தனியார் பாலிசி எடுக்கக் கை வராது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டு மக்களில் குறைந்தது 30 சதவீதம், அதாவது 40 கோடிப் பேர், இப்படி எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்பதாகச் சொன்னது.

அண்ணனின் மூத்த பையன் இப்போது ஒரு பனியன் கம்பெனி கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். நல்ல சம்பளம் இல்லை, மோசமும் இல்லை. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது. அட்டை என்ன ஆகும் என்று போன வாரம் வி.ஏ.ஓ. ஆபீசில் விசாரித்துவிட்டு வந்த அண்ணன், விரலில்லாத காலைத் திண்ணையில் நீட்டியபடி கேட்டார்: "இவன் சம்பளத்த எழுதாம விட்டா கார்டு நிக்கும்ங்கிறாங்க. எழுதட்டுமா, விடட்டுமா தம்பி?"